தாளில் கிடந்த பெஞ்சு

கோயம்புத்தூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி எதில் படித்தவரைக் கேட்டாலும் முதலாண்டு ஒர்க்‌ஷாப் வகுப்பு நினைவிருக்கும். ஆளுக்கு இரண்டு மரத்துண்டு, ஒரு வாள், ஒரு இழைப்புளி, ஒரு உளி. டிராயிங்கைப் பார்த்து அளவெடுத்து, ஒவ்வொரு துண்டிலும் பாதிக் கனத்தை வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பொருத்தித் தர வேண்டும். லேப் ஜாயின்ட் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள். மதிப்பெண் போட்டதும் அந்தத் துண்டு மூலையில் உள்ள குவியலில் போய்ச் சேரும். செய்தவர் மென்பொருளுக்கோ மோட்டாருக்கோ போய்விடுவார். எனக்கு அந்தக் குவியலின் மேல் எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. கோட்டைத் தாளில் படித்து, மரத்தில் ஏற்றி, அதே கோட்டில் வெட்டி, இரண்டை ஒன்றாக்கும் முழுக் கலையும் அந்தச் சின்னத் துண்டுக்குள் இருக்கிறது. மேசை, கட்டில், அலமாரி எல்லாம் அதன் பெருக்கம்.

படித்து முடித்துப் பல வருஷம் கழித்து, அதே ஆட்களில் சிலர் இப்போது மரத்துக்குத் திரும்பி வருகிறார்கள். வடவள்ளியில், சரவணம்பட்டியில், சூலூர்ப் பக்கத்தில், காரைத் தெருவில் நிறுத்திவிட்டு அது நிற்கும் இடத்தில் இரண்டு முக்காலியும் ஒரு பலகையும் போட்டு, அச்செடுத்த பிளானைச் சுவரில் ஒட்டி, தன் வீட்டுக்கான ஸ்டூலையோ புத்தக அலமாரியையோ தானே செய்கிறார்கள். கூலிக்குப் பயந்து செய்பவர்கள் இல்லை. கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவாக முடியும். செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் செய்கிறார்கள். அப்படிப் பிறந்த சாமான்களைப் பார்ப்பதிலும் தடவுவதிலும் திருப்பிப் போட்டு ஆராய்வதிலும் எனக்கு உள்ள ருசியைத்தான் எழுத வந்தேன். தேர்ந்த ஆசாரியின் வேலையை எவரும் ரசிக்கலாம். முதல்முறை செய்தவரின் பெஞ்சை ரசிக்க வேறு கண் வேண்டும். டிராயிங்குக்கும் மரத்துக்கும் இடையில் நடந்ததைப் பார்க்கும் கண். அந்தக் கண் கோவைக்குப் புதிதில்லை என்பது என் கட்சி.

வெளியூர்க்காரர்களுக்கு இது பஞ்சாலை ஊர், பம்பு ஊர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியதும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்ததும், பின்பு பீளமேட்டிலும் கணபதியிலும் ஃபவுண்டரிகள் எழுந்ததும் பலர் சொன்ன கதை. சொல்லாமல் விட்டது ஒன்று: அந்த இரும்புக்கெல்லாம் மூத்தது மரம். வார்ப்புக்குப் போகிற எந்த உருவமும் முதலில் மரத்தில் பிறந்தது. பம்பின் சுருண்ட உடல், மோட்டாரின் மூடி, வால்வின் கழுத்து எல்லாவற்றுக்கும் ஒரு பேட்டர்ன் உண்டு. பேட்டர்ன் மேக்கர் டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு தேக்கிலோ பைனிலோ அந்த உருவத்தைச் செய்வார். அதை மணலில் பதித்து உருவினால் உண்டாகும் பள்ளத்தில்தான் உருகிய இரும்பு பாயும்.

அந்த வேலையின் நுணுக்கத்தை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்புக்கு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். ஆகவே பேட்டர்ன் மேக்கர் கையில் இருக்கும் ஸ்கேலே வேறு. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்து நீட்டிக் கோடு போட்ட ஸ்கேல் அது. மணல் உடையாமல் உருவை வெளியே எடுக்க வேண்டும் என்பதால், டிராயிங்கில் செங்குத்தாக நிற்கும் சுவர்கள் மரத்தில் ஒன்றிரண்டு டிகிரி சரிந்திருக்கும். உள்மூலை கூராக இருந்தால் வார்ப்பு அங்கே வெடிக்கும். எனவே மெழுகோ தோலோ வைத்து மூலையை உருட்டுவார். கடைந்து எடுக்கப்போகும் முகங்களில் கொஞ்சம் கனம் கூட்டி வைப்பார். கடைசியில் அவலரக்குப் பூசி, வழவழவென்று தேய்த்து அனுப்புவார். பழைய பேட்டர்ன் மேக்கர் ஒருவர் என்னிடம் சொன்னது: "டிராயிங்ல இருக்கறத அப்படியே செஞ்சு போட்டா ஆச்சுங்களா? அது எப்படி வெளிய வரும்னு ரோசனை பண்ணோணுமுங்க." மரவேலை பற்றி நான் கேட்ட வாக்கியங்களில் இதற்கே முதலிடம் தருவேன். தாள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படிப்பதுதான் டிராயிங் படிப்பது.

இவ்வளவு நேர்த்தியான மரவேலை எவர் வீட்டுக் கூடத்திலும் இடம்பெறவில்லை. வார்ப்பு முடிந்ததும் ஃபவுண்டரியின் அட்டாலியில் தூசியேறிக் கிடந்தது. மாடல் மாறியதும் அடுப்புக்குப் போனது. இன்று அந்த இடத்தை அலுமினியமும் பிசினும் கணினி சொன்னபடி ஓடும் மெஷினும் பெருமளவு பிடித்துக்கொண்டுவிட்டன. ஆனால் டிராயிங்கைக் கையில் பிடித்து, பென்சிலைக் காதில் செருகி, மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஊரில் மிச்சமிருக்கிறது. ஜி.டி. நாயுடு இளவயதில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் கற்ற கதையை இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். அந்தப் பழக்கம் இப்போது வீட்டுக்குள் ஸ்டூலாகவும் பெஞ்சாகவும் வந்து உட்காருகிறது.

நல்ல பிளானை வாசிப்பது தனிச் சுகம். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம். ஒரு மூலையில் இணைப்பை மட்டும் பெரிதாக்கிய சிறுபடம். எந்தத் துண்டு எத்தனை, என்ன நீளம், என்ன அகலம், என்ன கனம் என்ற வெட்டுப்பட்டியல். சங்கீதம் தெரிந்தவர் சுரத்தாளைப் பார்த்தே உள்ளுக்குள் பாட்டைக் கேட்பார் என்பார்கள். பிளானைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தாளிலேயே மேசை எழுந்து நிற்கும்.

ஆனால் அந்தப் பிளான் பெரும்பாலும் வேறு ஊரில் வரைந்தது. இங்கேதான் புதியவரின் திறமை முதலில் தெரிகிறது. நம் கல்லூரிகளில் கற்றுத்தரும் முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். அமெரிக்கப் பிளானில் அது தலைக்கு மேலே நிற்கும். பக்கத்தோற்றங்களும் இடம் மாறி உட்காரும். நாலு பக்கமும் ஒன்றாக இருக்கிற ஸ்டூலுக்கு இது ஒன்றும் செய்யாது. ஒரு பக்கச் சட்டத்தில் மட்டும் துளை வருகிற மேசை என்றால், துளை எந்தப் பக்கம் என்பதே புரண்டுவிடும். அடுத்து அளவு. அந்த ஊர்ப் பிளான் 'இரண்டுக்கு நான்கு' என்று எழுதினால் அது உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச். 38க்கு 89 மில்லிமீட்டர். நம் மில்லில் போய் 'நாலுக்கு ரெண்டு' கேட்டால் அறுத்த அளவு கிடைக்கும். இழைத்து முடிக்கையில் முகத்துக்கு அரை நூலாவது குறையும். நம் ஆசாரிமார் கணக்கு நூலில். எட்டு நூல் ஓர் இஞ்ச். ஒரே தாளில் மில்லிமீட்டரும் இஞ்சும் நூலும் சந்திக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்தவர் தப்பிப்பார். எந்த அளவையில் தொடங்கினாலும் முடிகிறவரை அதே டேப்பில் நிற்பது உத்தமம்.

பிளானின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய திருத்தங்களைப் பார்க்க எனக்கு ஆசை அதிகம். ஒருவர் தன் வீட்டை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது அங்கே வந்துவிடும். மேலைநாட்டுப் பிளானில் பெஞ்சின் உயரம் பெரும்பாலும் 18 இஞ்ச். தரையில் மணைப்பலகையில் உட்கார்ந்து பழகிய அம்மாவுக்கு 16 போதும் என்று ஒருவர் அடித்து எழுதியிருந்தார். அங்கே ஷூ மாட்ட நிமிஷ நேரம் உட்காருவதற்காக வரைந்த பெஞ்சு, இங்கே பூக் கட்டவும் சின்ன வெங்காயம் உரிக்கவும் மத்தியானம் முழுக்க ஆளைத் தாங்க வேண்டும். நாம் ஒரு காலை மடித்து மேலே போட்டு உட்காருகிற ஜனங்கள்; 11 இஞ்ச் அகலம் அதற்குக் காணாது, 14 வேண்டும். மாற்றிய அந்த ஒரு எண்ணில் பெஞ்சு கொங்குநாட்டுக்குக் குடிவந்துவிடுகிறது. அகலம் மாறினால் காலின் அகலமும் சட்டத்தின் இடைவெளியும் மாற வேண்டும். அதையெல்லாம் தொடர்ந்து போட்டுக் காட்டிய தாள் எனக்கு அச்சுப் பிளானைவிட அழகு.

மரத்துக்கு வருவோம். புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் மரக்கடை இல்லை. கௌலி பிரவுன் சாலையில் வனத்துறை வளாகத்துக்குள் இருக்கிற காஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். 1902இல் தொடங்கியது, வன அதிகாரியாக இருந்த காஸ் பெயரில் நிற்கிறது. வெட்டிய, இழைத்த மரமாதிரிகளை அங்கே கண்ணாரப் பார்க்கலாம். பட்டை உரித்து ஒரு முகம் இழைத்த பின்னால் மரத்துக்கு வரும் நிறத்தை ஒரு முறை மனசில் வாங்கிக்கொண்டால், அதன் பிறகு மில்லில் புழுதி படிந்து நிற்கும் பலகைக்குள்ளும் அதைப் பார்க்க முடியும்.

தேக்கைப் பற்றி இந்த ஊரில் எழுத வேண்டியதே இல்லை. ஆனாலும் ஆனைமலையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மலையுச்சியிலிருந்து தேக்குத் தடிகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். வெட்டி வெட்டி வெறுமையான அந்தக் காட்டில் மறுபடி தேக்கை வளர்த்தவர் வன அதிகாரி ஹியூகோ வுட். 1933இல் இறந்த அவரை அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். அந்த வரலாறு தெரிந்தவர் தேக்குப் பலகையில் முதல் வாளை வைக்கும்போது கை தானாகப் பதனமாகும். எண்ணெய்ப் பசையுள்ள மரம், உளிக்கு இணங்கும், கரையானுக்கு அஞ்சாது. விலைதான் புதியவரின் கையை நடுங்க வைக்கும். நடுங்கும் கையால் நேராக அறுக்க முடியாது. ஆகவே முதல் சாமானுக்குத் தேக்கு வேண்டாம்.

வேம்பு எங்கும் கிடைக்கும், பூச்சி அண்டாது, வைரம் பாய்ந்தால் செம்மண் நிறம். ஆனால் நார் இப்படியும் அப்படியும் புரண்டு ஓடுவதால் இழைப்புளி பாதியில் பிய்த்துவிடும். பொறுமை பழகிய பிறகு வேம்புக்குப் போகலாம். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் முயற்சியால் விவசாயிகள் தோட்டங்களில் நட்டு வளர்க்கும் மலைவேம்பு லேசான மரம். பெரும்பாலும் பிளைவுட்டுக்குப் போகிறது. பொள்ளாச்சித் தென்னையின் வெளிவட்டம் அழகுதான், புதியவரின் உளியைக் கெடுத்துவிடும்.

நான் மனம் விட்டுப் பரிந்துரைப்பது சில்வர் ஓக். வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைக்கு நிழலாக நின்ற ஆஸ்திரேலிய மரம். பெட்டி மரம் என்று அலட்சியமாகப் பேசுவார்கள். அதை நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கி ஆரவாக்கில் அறுத்துப் பாருங்கள். பலகை முகமெங்கும் பட்டுப் புடவையின் புட்டா சிதறினாற்போல் மின்னும் செதில்கள் தெரியும். சாய்த்துப் பிடித்தால் ஒளி நகரும். மரத்தின் உள்ளே குறுக்காக ஓடும் கதிர்த் திசுக்கள் அறுபட்டு முகத்தில் வந்த கோலம் அது. அறுக்கிற திசையை மாற்றினால் இந்த அழகு மறைந்து சாதாரணச் சிவந்த பலகையாகிவிடும். மில்லில் நின்று, எந்தப் பக்கம் வாள் ஓட வேண்டும் என்று கேட்டு வாங்கியவரின் அலமாரிக்குக் கதவு தேவையில்லை. அதன் பக்கப்பலகையே பார்க்கப் போதும்.

இன்னொன்று, பைன். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கும் தொழிற்பேட்டை ஊரில் அவை வந்த மரப்பெட்டிகளும் வந்து சேர்கின்றன. பிரித்த பலகைகளைப் பழைய மரக்கடைகளில் எடை போட்டோ கட்டாகவோ வாங்கலாம். பெட்டியில் சூடு வைத்த முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர் படமும் பக்கத்தில் 'எச்.டி.' என்ற எழுத்தும் இருந்தால், மரத்தின் நடுவரை 56 டிகிரி சூட்டை 30 நிமிஷம் ஏற்றிப் பூச்சியைக் கொன்ற மரம். 'எம்.பி.' என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது. வீட்டுச் சாமானுக்கு எடுக்க வேண்டாம். முறிந்து உள்ளே தங்கிய ஆணியைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிய பிறகே வாள். பைன் மென்மையானது, கோடு நன்றாக விழும், இழைத்தால் வெங்காயச் சருகு மாதிரி ஒளி ஊடுருவும் சுருள் வரும், வீடே பிசின் வாசம் வீசும். கை பழக இதைவிட இணக்கமான ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

இனி இணைப்பு. ஒரு பெஞ்சைப் பார்க்கப் போனால் முதலில் அதைக் கவிழ்த்துப் போடச் சொல்வேன். மேல்முகத்தை உப்புத்தாள் காப்பாற்றிவிடும். அடிப்பக்கத்தில்தான் கை பேசும். காலும் சட்டமும் சேரும் இடத்தில், மரம் மரத்தில் முட்டி நிற்கும் தோள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். பென்சில் கோட்டின் மேல் வாள் போயிருக்கிறதா, கோட்டை விட்டுவைத்துக் கழிவுப் பக்கம் போயிருக்கிறதா? பென்சில் கோட்டுக்கே கனம் உண்டு. அதனால் நுணுக்கம் தெரிந்தவர்கள் தோள்கோட்டைக் கத்தியால் கீறுவார்கள். கத்தி நாரைச் சுத்தமாக அறுத்துவிடுவதால் உளி உட்கார ஒரு படி கிடைக்கிறது. முடிந்த இணைப்பில் இரண்டு மரத்துக்கும் நடுவே தலைமயிர்க் கோடு மட்டும் மிஞ்சும். மூலைமட்டத்தை வைத்துக் கத்தியால் கீறக் கற்றுக்கொண்ட நாள்தான் ஒருவர் மரவேலைக்குள் வந்த நாள் என்பேன்.

எல்லா இணைப்பிலும் எனக்குப் பிடித்தது துளையும் அதில் நுழையும் கழுந்தும். கழுந்து பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து தலை காட்டும். அந்தத் தலையில் பிளவு விட்டு ஆப்பு அடித்தால் அது உள்ளே விரிந்து இறுகிவிடும். ஆப்பின் கோடு பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். ரேகையோடு சேர்ந்து நின்றால் ஆப்பே பலகையைப் பிளக்கும். குறுக்காக நின்றால் அதன் அழுத்தம் நாரின் நீளவாக்கில் போய் அடங்கும். இந்தச் சின்னக் கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்தாலே செய்தவர் மரத்தைப் புரிந்துகொண்டாரா என்பது தெரிந்துவிடும். பைன் பெஞ்சில் தேக்கு ஆப்பு அடித்து, அந்தக் கருங்கோட்டை மறைக்காமல் விட்டிருந்த ஒரு வேலையைப் பார்த்தேன். அதைச் செய்தவருக்கு அது இரண்டாவது சாமான். என்னால் அதைவிட்டு நகர முடியவில்லை.

பசைக்கு ஒரு காலத்தில் வஜ்ஜிரத்தைத் தண்ணீரில் காய்ச்சினார்கள்; 1959இல் ஃபெவிகால் வந்த பிறகு அந்த நாற்றம் பட்டறைகளிலிருந்து போயிற்று. பசையின் பலம் கூடக் கூட இணைப்பில் அக்கறை குறைந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே மூலைவிட்டத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்; இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரம். கிளாம்பைச் சற்றுச் சாய்த்து இழுத்தால் அப்போது நேராகும், மறுநாள் ஆகாது.

பிளான் பார்த்துச் செய்வதைக் கீழான வேலை என்று நினைப்பவர்களுக்கு என்சோ மாரியின் கதையைச் சொல்வேன். இத்தாலியின் பெரிய வடிவமைப்பாளர். 1974இல் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று 19 சாமான்களின் பிளானை வரைந்து, தபால்செலவு மட்டும் அனுப்பியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். தேவையானது அறுத்த பலகை, ஆணி, சுத்தி. நுண்ணிய இணைப்பு எதுவும் இல்லை. மேசையின் கால்கள் முக்கோணமாகக் கட்டுண்டு நிற்கும். எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்பது மறைவில்லாமல் தெரியும். மலிவான சாமான் செய்யக் கற்றுத்தருவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஒரு முறை தானே செய்து பார்த்தவன், கடையில் நிற்கும் நாற்காலியையும் படிக்கக் கற்றுக்கொள்வான் என்று நம்பினார். செய்தவர்கள் தங்கள் மாற்றங்களோடு படம் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ரசிகனை உருவாக்க அவனையே செய்ய வைத்த அந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம். முக்கோணக் கட்டு ஏன் ஆடாது என்பதை ஒரு பொறியியல் மாணவன் கணக்கில் நிரூபிப்பான். ஆணி அடித்துவிட்டு மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தவனுக்கு அது உடம்பில் தெரியும்.

நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி எழுந்தபோது, கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் சார்பில் 1937 முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் நகாஷிமா. பிற்பாடு அமெரிக்காவின் தலைசிறந்த மரக்கலைஞர்களில் ஒருவரானவர். அந்த விடுதிக்குத் தேக்கில் அவர் அமைத்துக் கொடுத்த சாமான்களில் அலங்காரம் என்று தனியாக எதுவும் கிடையாது. கால், சட்டம், பலகை, அவை சேரும் இடம், இவ்வளவுதான். பிளான் பார்த்துச் செய்கிற புதியவர் அண்ணாந்து பார்க்க வேண்டிய உச்சி அதுதான். செதுக்கு வேலைப்பாடு நிறைந்த செட்டிநாட்டுக் கட்டில் இன்னொரு மலை.

வாங்கிய பிளானில் எழுதியிராத ஒன்று நம் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் திறந்துகிடப்பதால் ஆனி, ஆடியில் ஈரக்காற்று நேரே வீட்டுக்குள் வருகிறது. ஐப்பசி மழையில் ஜன்னல் இறுகும். பங்குனி, சித்திரையில் அதே ஜன்னல் இடைவெளி காட்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில் அசையும். ஓரடி அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் அகலம் 2 மில்லிமீட்டருக்கு மேல் மாறும். தேக்கு அடக்கமான மரம், அதற்கே இவ்வளவு. பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கிப் பூட்டினால், சுருங்க முடியாமல் ஒரு வெயில்காலத்தில் நடுவே வெடிக்கும். திருகாணிக்கு வட்டத்துளை போடாமல் நீளத்துளை போட்டுவிடுங்கள். பலகை தன் இஷ்டத்துக்கு நகரும். வாங்கி வந்த பலகைகளை உடனே வெட்டாமல், நடுநடுவே ரீப்பர் வைத்து அடுக்கி, வீட்டுக் காற்றில் சில வாரம் விட்டுவைப்பதும் இதற்காகத்தான்.

முதலில் எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்கு என் விடை ஐந்து பலகைப் பெஞ்சு. மேலே ஒன்று, காலாக இரண்டு, பக்கச் சட்டமாக இரண்டு. 16 இஞ்ச் உயரம் வேண்டும், மேல்பலகை ஒன்றேகால் இஞ்ச் கனம் என்றால் கால்பலகையின் நீளம் பதினாலேமுக்கால். கால் அகலம் 12 இஞ்ச், ரேகை மேலிருந்து கீழே ஓட வேண்டும். அதன் அடியில் நடுவே வளைவாகவோ கூம்பாகவோ வெட்டியெடுத்துவிட்டால், சமமில்லாத தரையிலும் பெஞ்சு நாலு முனையில் நிற்கும். காலின் இரண்டு ஓரத்திலும் மேலே ஓர் இஞ்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, நாலு இஞ்ச் அகலச் சட்டங்களை அதில் இறக்குங்கள். சட்டம் காலின் ஓரத்தோடு ஒட்டி நிற்கும். 14 இஞ்ச் மேல்பலகை இரண்டு பக்கமும் ஓர் இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்தப் பழைய வடிவத்தில் நான் வணங்கும் அறிவு ஒன்று உண்டு. மேல்பலகை அகலத்தில் விரியும்போது கால்பலகையும் அதே திசையில், ஏறக்குறைய அதே அளவு விரிகிறது. பக்கச் சட்டமோ மேல்பலகையின் நீளத்தோடு ஓடுகிறது. நீளத்தில் இரண்டுமே அசைவதில்லை. ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் மரம் இதில் அநேகமாக இல்லை. அதனால்தான் எந்தக் கணக்கும் தெரியாத நாட்டுப்புறத்து ஆட்கள் ஆணி அடித்துச் செய்த இத்தகைய பெஞ்சுகள் மூன்று தலைமுறை உட்கார்ந்தும் வெடிக்காமல் நிற்கின்றன.

கால்களையும் சட்டங்களையும் பூட்டி, ரசமட்டம் வைத்து நிற்கவைத்த பிறகு மேல்பலகையை வெட்டுங்கள். அதற்கு முன் வேண்டாம். பிளானில் 48 இஞ்ச் என்று போட்டிருக்கும். பலகையை அதைவிட நீளமாகவே விட்டுக் கூட்டின் மேல் வைத்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். காலைத் தாண்டி இரண்டு பக்கமும் எவ்வளவு நீண்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறதோ அங்கே கத்தியால் கோடு கீறுங்கள். சட்டத்தின் நீளத்துக்குக் குறையாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, அந்த ஓர் அளவைப் பிளானிடம் கேட்காமல் நீங்களே போடலாம்.